தரகரின் எச்சில் விரல்

பருத்தித்துறை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு கலியாணத் தரகர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் பெரிய போன். கடதாசி புரட்டுவதுபோலப் பெருவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் அதில் படங்களைத் தள்ளினார். ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் எச்சில் ஈரம் பளபளத்தது.

நான் கேட்காமலே போனை என் பக்கம் சரித்தார்.

"இவ ரீச்சர். கர்ப்பப்பையிலை கட்டி எடுத்தது. அடுத்தவ, இவவுக்கு ஒருக்கா கலியாண எழுத்து நடந்து குழம்பினது."

"ஐயா, உதுகளை இப்பிடி எல்லாருக்கும் காட்டலாமோ?"

"தெரிஞ்ச ஆக்களுக்குக் காட்டினால்தான் தம்பி பிழை. நீங்கள் ஆரோ, அதுகள் ஆரோ."

மானத்தைக் காப்பாற்றுகிறவர்போல அவ்வளவு நிதானமாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் அம்மா, தங்கச்சியின் படத்தையும் சாதகத்தையும் யாரோ ஒரு தரகருக்குப் போனில் அனுப்பியிருந்தார். அது இவர்தானா என்று கேட்கவும் வழியில்லை. கேட்டால் நான் தெரிந்த ஆளாகிவிடுவேன்; போனை மூடிவிடுவார்.

"இன்னும் இருக்கோ, ஐயா?" என்றேன்.

அவர் பெருவிரலை நாக்குக்குக் கொண்டுபோனார்.