டொக்டர் பஸீலாவின் ஊதா விளக்கு

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் டொக்டர் பஸீலாவின் மௌத்துச் செய்தி வந்தது. ஜனாஸா அடக்கம் முடிந்து நாங்கள் திரும்புவதற்குள் கல்முனைச் சந்தியில் அனுதாபப் பதாகை ஒன்று ஏறியிருந்தது. அதைக் கட்டியவரைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

மீன்பிடி அலுவலராக டொக்டரின் கண் முகாம்களுக்குக் கூடப் போனவன் நான். சாய்ந்தமருதுக் கரைவலைக்கு மீன் கூட்டம் பார்த்துச் சொல்லிவந்தவர் இஸ்மாயில் காக்கா. வெயிலையும் கடலின் கண்கூசும் ஒளியையும் பார்த்துப் பார்த்தே அவரது வலக்கண்ணில் சதை வளர்ந்து கருவிழியை எட்டியிருந்தது. டொக்டர் அதை அகற்றி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியொன்று கொடுத்தார்.

"தொப்பி மட்டும் காணாது காக்கா. வெயில் தண்ணியில பட்டுக் கீழாலயும் வரும்."

காக்கா அணிந்தார். வலை இழுப்பவர்கள் விடவில்லை. "மாப்பிள வாறாரு, வழிய உடுங்கடா" என்று தினமும் சிரித்தார்கள்.

பிறகு பிரமுகர் ஒருவர் கரைக்கு வந்து எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி வழங்கினார். எல்லோரும் மாப்பிள்ளைகள் ஆனதால் கேலி நின்றது. காக்கா டொக்டர் தந்ததைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இலவசக் கண்ணாடியையே போட்டுக்கொண்டார். சதை மறுபடி வளர்ந்தது. காக்கா டொக்டரிடம் திரும்பி வந்தார்.

"எல்லாரும் போட்டதத்தான் மகள் நானும் போட்டன். கறுப்பாத்தானே இரிக்கி?"

"பிழை உங்கடயில்ல காக்கா" என்றார் டொக்டர்.

பிரமுகரின் அடுத்த கண்ணாடி வழங்கல் விழாவில் டொக்டரை மேடையேற்றினார்கள். புறஊதாக் கதிரால் நோட்டை ஒளிரவைத்துக் கள்ளநோட்டுப் பார்க்கும் சிறிய ஊதா விளக்கை அவர் கைப்பையிலிருந்து எடுத்தார். விளக்குக்கும் ஒரு நோட்டுக்கும் நடுவே இலவசக் கண்ணாடியைப் பிடித்தார். கறுப்பினூடே நோட்டு ஒளிர்ந்தது. பிறகு, தான் கொடுத்து காக்கா கழற்றி வைத்த கண்ணாடியைப் பிடித்தார். நோட்டு இருண்டது.

"இருட்டுக்குக் கண்மணி விரியும். தடுக்காத கண்ணாடி போட்டா, கதிர் இன்னும் கூடத்தான் உள்ள போகும்" என்றார்.

பிரமுகர் புன்னகையுடன், "படத்துக்கு நில்லுங்க டொக்டர்" என்றார். படம் எடுக்கப்பட்டது. கண்ணாடிகளும் வழங்கப்பட்டன.

பிரமுகர் சந்தியில் கட்டிய பதாகையில் இருப்பது அந்தப் படம்தான். விளக்குப் பிடித்த கையை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

காக்காவுக்கு இப்போது வலக்கண்ணில் மங்கல். மீன் கூட்டத்தை வேறொருவர் பார்க்கிறார்.

டொக்டரின் பிள்ளைகள் அந்த விளக்கை என்னிடம் தந்திருக்கிறார்கள். பெருநாளுக்கு முன் மீண்டும் கண்ணாடி வழங்கப்போவதாகப் பிரமுகர் அறிவித்திருக்கிறார். நான் முன்வரிசையில் இருப்பேன். விளக்கோடு ஒரு நோட்டும் கொண்டுபோவேன்.