கண்டக்டர் எழுதிய விடை

மயிலாப்பூர் டிராமில் நான் தினமும் பார்த்த கண்டக்டருக்குக் காக்கிச் சட்டை ஒரு சுற்றுப் பெரிது. வண்டி கடைசி நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் பையிலிருந்து சரித்திரப் புத்தகத்தை எடுத்து முணுமுணுப்பார். மெட்ரிக் தேறினால் அவருக்கு டிராம் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைக்கும்.

இரண்டாம் பாரத்தோடு, அதாவது ஏழாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன் நான். பிறர் எழுதும் பரீட்சை என்றாலும் எனக்குப் பயம். போன தடவை அவர் இரண்டே மார்க்கில் தோற்றார். ‘யாருக்கு ஓட்டு உண்டு?’ என்ற கேள்விக்கு, சொத்து, வரி, படிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்று அந்த வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம் சொன்னதை விட்டுவிட்டு, ‘எல்லாருக்கும்’ என்று எழுதினாராம்.

“அண்ணே, நாளைக்குப் பரீட்சையிலயும் அந்தக் கேள்வி வந்தா புஸ்தகத்துல இருக்கிறதையே எழுதிடுங்க. நமக்கு எதுக்கு வம்பு?” என்று கெஞ்சினேன்.

“இன்னா நைனா பேசுறே? மீன் வித்து என்னைப் படிக்க வெச்சவ எங்கம்மா. அவளுக்கு ஓட்டு இல்லேன்னு என் கையாலயே எழுதணுமா? பேப்பர் திருத்துறவன் ஃபெயில் போட்டுக்கினே இருக்கட்டும். நானும் எழுதிக்கினே இருப்பேன்.”

அந்தக் கேள்வி மறுபடியும் வந்தது; அவரும் ‘எல்லாருக்கும்’ என்றே எழுதினார்; அந்த வருஷமும் தேறவில்லை. நான்தான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தபடி டிக்கெட் கிழித்தார். சொத்தும் வரியும் படிப்பும் இல்லாத எனக்கும் சேர்த்துத்தான் அந்த விடையை எழுதியிருக்கிறார் என்பது, டிராமை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.