லேப்டாப்பைக் கழற்றினால் ஊமையாகும் பலகை

டெஸ்லி நோஸ்கேவுக்கு நான் ஆறாயிரம் டாலர் தரவேண்டியிருந்தது. பணம் இல்லாமல் இல்லை. கொடுக்க மனம் வரவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் துறைமுகப் படகுகளில் பாதிக்கு மேல் இருப்பது என் பட்டறையில் செய்த மீன் தேடும் கருவிதான். ஏமாற்றுக்காரர்களை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

டெஸ்லி சிப்பிப் பண்ணைக்காரர் மகள். அடிலெய்டில் படித்து, கடற்படைக்கு வேலை செய்யும் ஒரு கம்பெனியில் நீருக்கடியில் கேட்கும் ஒலிகளை அலசிக்கொண்டிருந்தவள். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. கேரவனை இழுத்துக்கொண்டு வந்து என் பட்டறைக்குப் பின்னால் நிறுத்தி அதிலேயே குடியிருந்தாள். அதற்கும் தவணை பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் கேரவனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

தண்ணீருக்குள் அனுப்பும் ஒலி திரும்பி வரும்போது, அந்த எதிரொலியை எண்களாக்கி, கடலடி எது, மீன் கூட்டம் எது என்று பிரிக்கும் ஒரு புது மின்னணுச் சில்லு வந்திருந்தது. அதைப் பழகிப் பார்க்கவென்றே விற்கிற சோதனைப் பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்து, நிரல் எழுத ஆறாயிரம் டாலர் கூலி பேசினேன். டெஸ்லி அதை ஒரு கம்பியால் லேப்டாப்போடு இணைத்து, பிழை தேடும் மென்பொருளைத் திறந்துகொள்வாள். நிரலை நினைத்த வரியில் நிறுத்துவாள், உள்ளே ஓடும் எண்களைப் பார்ப்பாள், மறுபடி ஓடவிடுவாள். பட்டறைத் தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

என் பழைய வாடிக்கையாளன் ஆன்டேயின் டியூனா மீன் பிடிக்கும் படகில் பலகையைப் பொருத்தினோம். லேப்டாப் இருந்தால் ஓடியது. கம்பியைக் கழற்றிவிட்டால் திரை உறைந்து நின்றது.

ஆன்டே என் காதருகே வந்தான். "லாய்டு, புரியலையா உனக்கு? அவ இல்லாம ஓடாதபடி பூட்டு வச்சிருக்கா. ஆயுசுக்கும் உன்கிட்ட கறப்பா."

எனக்கு முன்பே தோன்றியதுதான். நான் வந்தால் அவள் திரையைச் சாய்ப்பது போலிருந்தது. தனியாகச் சிரித்தாலும் என்னை நினைத்துத்தான் சிரிக்கிறாளோ என்று பட்டது.

வியாழக்கிழமை படகிலேயே பணம் கேட்டாள்.

"பூட்டை எடு. தர்றேன்."

"என்ன பூட்டு? யோவ் கிழவா, உன் பீர்ல ஈ விழுந்தாக்கூட நான்தான் போட்டேன்னு சொல்லுவ போலிருக்கே!"

"லேப்டாப் இருந்தா ஓடுது, இல்லேன்னா செத்துப்போகுது. நான் படிக்காதவன்தான், முட்டாள் இல்ல."

அவள் முகம் சிவந்தது. பலகையைத் தனியே ஓடவிட்டாள். உறைந்ததும், அணைக்காமல் அப்படியே கம்பியைச் செருகினாள். நான் அவள் விரல்களை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நிரல் எந்த வரியில் நிற்கிறதென்று மென்பொருள் காட்டியது. டெஸ்லி நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"ஒவ்வொரு எதிரொலிக்கும் 'கேட்டுச்சு'ன்னு லேப்டாப்புக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லியிருந்தேன், பிழை தேடறப்போ தெரியணும்னு. லேப்டாப் இல்லேன்னா அதை வாங்கிக்க ஆளில்ல. வாங்கிக்கிற வரைக்கும் இது அசையாம நிக்குது."

"வேணும்னே எழுதினியா?"

"எடுக்க மறந்து தொலைச்சேன். எங்க தொழில்ல இதுல விழாதவங்க கிடையாது."

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லுவான்" என்றான் ஆன்டே.

"நீ போய் உன் வலையைப் பாருடா" என்றாள் டெஸ்லி.

அந்த வரியை எடுத்துவிட்டு நிரலைப் பலகையில் நிரந்தரமாகப் பதித்தாள். நான் விடுவேனா? லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டேன், கைபேசியையும் வாங்கிக்கொண்டேன். அவளைத் துறையில் இறக்கிவிட்டு, துறைக்கு எதிரே இருக்கும் பாஸ்டன் தீவைத் தாண்டிப் படகை விடச் சொன்னேன். பலகையை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கடலடி கோடாக வந்தது. அதன் மேலே மீன் கூட்டம் மேகம் போல நகர்ந்தது. ஆன்டே அந்தப் பக்கமே படகைத் திருப்பினான்.

திரும்பியபோது அவள் துறையிலேயே நின்றிருந்தாள்.

"சந்தேகம் தீர்ந்துதா?"

"அது தீர்ந்தா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்றேன்.

பச்சை நிற நூறு டாலர் பிளாஸ்டிக் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றுகூட அதிகம் போய்விடக் கூடாதென்று, விரலால் தேய்த்துத் தேய்த்து, அவள் விரித்த உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.