கடித்து வைத்த தவிட்டு ரொட்டி

நாரின் என்ற மலையூரின் மாவு மில்லில் சலித்துக் கழிக்கும் தவிடு மாட்டுக்குத்தான் போகும். புர்மாகன் அதில் பாதியைத் தன் ரொட்டிக்கு எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் வீட்டுக்கு ஆள் வருவது குறைந்தது. ஒரு வீட்டுக்குப் போனால் ரொட்டியை வாயில் வைக்காமல் திரும்பக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அதை மீறாமல் இருக்க, வந்தவர்கள் வாசலில் நின்றபடியே ஒரு துணுக்கைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

"உன் பசு என்ன சாப்பிடுது, வெள்ளை மாவா?" என்று பக்கத்து வீட்டு ஜிபார் கேட்டாள்.

"நானும் அதுவும் பங்கு பிரிச்சுக்கிட்டோம். அது உன்னை மாதிரி வம்பு பேசாது."

புர்மாகனின் அப்பா குடல் புற்றில் போனவர். கீரையை நீட்டினால், "நான் திங்கற ஆடுதான் புல்லைத் தின்னுடுச்சே, நான் வேற தின்னணுமா?" என்பார். தம்பி எசென்பெக்குக்கும் அதே நாக்கு. பனி மூடிய கணவாயில் லாரி இறக்க அவனை மிஞ்ச ஆளில்லை என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. அவன் உடம்பை நினைத்தால்தான் பயம்.

அப்பாவைப் பார்த்த டாக்டரம்மா சொன்னது அவளுக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது: "நார்ச்சத்து இருந்தா கழிவு குடல்ல ரொம்ப நேரம் தங்காது. குடல்ல வாழற கிருமிங்க அதைத் தின்னு, குடல் சுவருக்கு நல்லது பண்ணும். நார்ச்சத்து நிறையச் சாப்பிடறவங்களுக்கு இந்த நோய் குறைவாத்தான் வருது. ஆனா வரவே வராதுன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது."

சைபீரியாவுக்கு வேலைக்குப் போகுமுன் எசென்பெக் விடைபெற வந்தான். வாசலிலேயே ரொட்டியைக் கிள்ளப்போனான்.

"கிள்ளாதடா. தூரம் போறவன் பல்லால கடிக்கணும். மிச்சத்தை நீ திரும்பி வந்து தின்னணும்."

"அக்கா, நான் வண்டி ஓட்டப் போறேன். என்னை மாடு மாதிரி வண்டில பூட்டப்போறாங்கன்னு நெனச்சியா?"

"அப்பா கடைசில கிடந்த கோலத்தை நீ பாக்கல. துடைச்சு எடுத்தவ நான்."

அவன் சிரிப்பு நின்றது. உள்ளே வந்து உட்கார்ந்து, பெரிதாக ஒரு கடி கடித்து, வெகுநேரம் மென்றான்.

"மணல் மாதிரி இருக்கு."

"டீயைக் குடி. தண்ணி இல்லாம தவிடு இறங்காது."

இரண்டு கிண்ணம் குடித்தான். அவள் மூட்டை கட்டிக் கொடுத்த ரொட்டிகளை மறுக்காமல் வாங்கிக்கொண்டான்.

லாரிச் சத்தம் ஓய்ந்ததும் படலைச் சாத்தப் போனாள். அவன் வாங்கிக்கொண்ட மூட்டை பிரிக்காமல் வாசல் சுவர்மேல் இருந்தது.

கடித்த ரொட்டியைத் துணியில் சுற்றிக் கதவருகே ஆணியில் மாட்டினாள். மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்துத் தேநீரில் நனைத்துத் தின்றாள். மற்றவற்றைப் பசு தின்றது.