இரண்டு பக்கமும் பேசியவள்

இரட்டைப் பிள்ளைகள்தான் என்றாலும் வீட்டில் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள். ஒரே மேஜையில் ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டுப் படித்து, ஊரின் பேர்பெற்ற பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுதினார்கள். சின்னவளுக்கு இடம் கிடைத்தது, பெரியவளுக்குக் கிடைக்கவில்லை. பஸ் ஓட்டும் அப்பா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருவர் தலையையும் தடவிக் கொடுத்தார்.

புதுப் பள்ளியில் திரும்பின பக்கமெல்லாம் முதல் மாணவர்கள். சின்னவள் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோனாள். படிப்போடு ஏதாவதொரு மன்றத்திலும் சேர்ந்தே ஆக வேண்டும். பாட்டு வராது, ஓட்டம் வராது, வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். விவாத மன்றத்தில் சேர்ந்தாள்.

பள்ளிகளுக்கு இடையே போட்டி வந்தது. நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது சரியா என்பது தலைப்பு. நாணயம் சுண்டியதில் 'சரியல்ல' என்ற பக்கம் இவளுக்கு விழுந்தது. பார்வையாளர்களில் பெரியவளும் இருந்தாள்.

"ஒரு நாள் காலையில எழுதின பரீட்சை என் அக்காவோட வாழ்க்கையையே மாத்திடுச்சு" என்று சின்னவள் குரல் தழுதழுக்கச் சொன்னாள். அரங்கம் அதிர்ந்தது. அவள் அணி வென்றது.

அக்கா கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்து ஓடி வந்தவளுக்குக் கிடைத்தது வேறு.

"யாரைக் கேட்டு என்னைப் பத்திப் பேசினே?"

"உனக்காகத்தானே பேசினேன்!"

"நான் எப்ப அழுதேன்? என் பள்ளிக்கூடத்துல நான் வாலிபால் கேப்டன். எனக்கு அங்க ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு எனக்குக் கணக்கு வரல, அவ்வளவுதான்."

சின்னவளுக்குக் குழப்பமாகிவிட்டது. நல்லது செய்தோமா, கெட்டது செய்தோமா?

அடுத்த சுற்றிலும் அதே தலைப்பு. இந்த முறை 'சரி' என்ற பக்கம். அக்காவை இழுக்காமல், தேர்வுதான் நேர்மையான வழி என்று வெளுத்து வாங்கினாள். அதே கைதட்டல், மறுபடியும் வெற்றி. இரண்டில் எது பொய் என்று அவளுக்கே விளங்கவில்லை. மன்றத்தை நடத்திய வேதியியல் டீச்சரிடம் போய் நின்றாள்.

"டீச்சர், நான் உண்மையில எந்தப் பக்கம்?"

"அதை ஏன்மா போட்டுக் குழப்பிக்கிறே? உனக்கு ரெண்டுமே நல்லா வருது" என்று டீச்சர் சிரித்தார். அந்தப் பாராட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் பெரியவள் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ சொல்லேன். அந்தத் தேர்வு சரியா, தப்பா?"

"எனக்கென்ன தெரியும்? சனிக்கிழமை எனக்கு மேட்ச், அதைத் தவிர எதுவும் மண்டையில ஏறல."

அதே சனிக்கிழமைதான் விவாதத்தின் இறுதிச் சுற்று. சின்னவள் டீச்சரிடம், "என்னால முடியாது, மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமை அக்காவின் மேட்ச்சைப் பார்க்கப் போனாள்.

மேட்ச்சில் விதிமுறை ஒன்றும் புரியாமல் எதிரணியின் புள்ளிக்கு எழுந்து நின்று கை தட்டினாள். "அடியே, அது அவங்க பாயிண்ட்!" என்று மைதானத்திலிருந்து கத்திய பெரியவள், அதற்கு மேல் தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

பெரியவளின் அணி தோற்றது. அங்கே விவாத அணியும் தோற்றது. திங்கட்கிழமை விவாத அணித் தோழிகள் யாரும் சின்னவளிடம் பேசவில்லை. அவர்கள் கோபம் நியாயம் என்றுதான் பட்டது. தான் செய்ததும் நியாயம் என்றே பட்டது.