முப்பது நாள் தாய்வீடு

ஊரிலிருந்து யாராவது வந்து இறங்கினால் ஈப்போக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, சாப்பிட்டீர்களா என்பதல்ல. "எத்தன நாளு குடுத்தாங்க?" என்பதுதான். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் முதல் தடவை கேட்டபோது ஏதோ ஜெயிலுக்குப் போனவரை விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். எங்கள் லால்குடிப் பக்கம், வந்தவரிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பதற்கும் இலையைச் சுருட்டி எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. என் அப்பா வந்த மறுநாளே சந்தையில் மீன் விற்கிற அக்கா ஒருத்தி, "அப்பாவா? எத்தன நாளு குடுத்தாங்க?" என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கேட்டாள். அப்பா முகம் சுருங்கிப் போனது. காரிலிருந்து இறங்கியதும் மெதுவாக என்னிடம், "அந்தம்மாவுக்கு என்னவாம்? நான் என்ன அவ வீட்டுலயா சாப்பிடுறேன்?" என்றார்.

முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து மலேசியாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இப்போது விசா எடுக்காமலே வரலாம், முப்பது நாள் இருக்கலாம், அதற்குமேல் கூடாது. அப்பா சுற்றிப் பார்க்க வரவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். நான் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தாய்வீடு என்னைத் தேடி வர வேண்டியதாயிற்று. நியாயப்படி அம்மாதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்து, பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் என் பிள்ளை பள்ளிக்கூடமே போய்விடும் போலிருந்தது. அப்பாவிடம் மட்டும் பாஸ்போர்ட் இருந்தது. எப்போதோ துபாய் போகிறேன் என்று எடுத்து, போகாமல் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்தார். ஆக, பிரசவம் பார்க்க ஆம்பளை ஒருத்தர் வந்தார். பெட்டியில் பிரசவ லேகியம், பூண்டு, பெருங்காயம். போனில் அம்மாவின் குரல் பதிவுகள். குளிக்க ஊற்றுவதிலிருந்து வயிறு கட்டுவது வரை எல்லாம் அதில் இருந்தது. அப்பா அதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே கூடத்தில் நடப்பார்.

அப்பா லால்குடி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. நான் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் ரிப்பன் தேடித் தாமதமாகி, பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தேன். கூப்பிடு தூரத்தில் நான் வருவது அப்பாவுக்கு நன்றாகவே தெரிந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதி வண்டியை அனுப்பிவிட்டார். கண்டக்டரே தலையை வெளியே நீட்டி, "அண்ணே, உங்க பொண்ணுண்ணே!" என்று கத்தினார். அப்பா விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கல்யாணம் வரைக்கும் ஆறவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு வந்து வாய்த்த பேரனோ நேரம் காலம் தெரியாதவன். டாக்டர் சொன்ன தேதி வந்தது, போனது. பையன் அசையவில்லை. பக்கத்து வீட்டுச் சீன அம்மா லிம் ஆண்ட்டி நடக்கச் சொன்னார், நடந்தேன். பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து மாமியார் போனில் படி ஏறி இறங்கச் சொன்னார், அதையும் செய்தேன். அப்பா பொறுக்க மாட்டாமல் ஒருநாள் என் வயிற்றுக்கு முன்னால் நின்று, பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவது போல நாற்காலியைத் தட்டி, "ரைட், ரைட்! போலாம்!" என்றார். என் கணவர் கதிர் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கு மிச்சமிருந்த நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தன. பிள்ளையைக் கையில் வாங்க எங்கள் பக்கத்து ஆள் ஒருவராவது இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. பிரசவ வலியைவிட அப்பா அதற்குள் போய்விடுவாரோ என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கதிர் ஏர்கோன், நம் ஊரில் சொல்கிற ஏசி, பழுது பார்க்கிறவர். பத்துப் பேரிடம் பழகுகிற வேலை என்பதால் பத்துப் பேர் யோசனையும் வீட்டுக்கு வந்தது. "மச்சான், ஹாட்ஞாய் போயி நல்லா சாப்புட்டு திரும்பி வந்தா புதுசா முப்பது நாளு லா," என்றார் ஒரு நண்பர். தாய்லாந்து எல்லை இங்கிருந்து சில மணி நேரம்தான். ஆனால் திரும்பி வரும்போது உள்ளே விடுவார்கள் என்பதற்கு யார் உத்தரவாதம்? அப்பாவுக்கு அந்த யோசனையே அவமானமாக இருந்தது. "வாசல் வழியா வெளிய போயி மறுபடி உள்ள வந்தா புது விருந்தாளியா? யார ஏமாத்துறது?" என்றார். நாளை நீட்டிக்க முடியுமா என்று கதிர் குடிநுழைவு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டார். வந்தவரே நோயாய்ப் படுத்துவிட்டால் பார்க்கலாம் என்றார்களாம். பிரசவம் என்று சொன்னதும், யாருக்கு என்று மரியாதையாகவே கேட்டிருக்கிறார்கள். மாமனாருக்கு என்று சொல்ல முடியாமல் கதிர் திரும்பி வந்துவிட்டார். ஒருநாள் கூடுதலாக இருந்தாலும் அடுத்த தடவை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்ற பயம் வேறு.

எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, கடைசி நாளுக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தோம். அது செவ்வாய்க்கிழமை என்பதை அப்பா பொறுத்துக்கொண்டார். அஷ்டமியும் கூட என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பச்சைப்பிள்ளை வரப் போகிற வீட்டிலிருந்து அப்படிப்பட்ட நாளில் எப்படிக் கிளம்புவது? அதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி இருக்கிறது. பரஸ்தானம் வைப்பது என்போம். போக வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் துணிமணி வைத்த பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை போனால் ஆள் போன மாதிரி. அதன்பிறகு எந்த நாளில் போனாலும் அது முன்பே தொடங்கிவிட்ட பயணம்தான். திங்கட்கிழமை காலையில் மேற்கே போக நேரம் நன்றாக இருந்தது. "ஆனா ஏர்போர்ட்டு தெக்கால இருக்கு மாமா," என்று கதிர் வாயைக் கொடுத்தார். அப்பா, "போற ஊருதான் கணக்கு, பஸ் ஸ்டாண்டு கணக்கில்ல," என்று தீர்ப்புச் சொன்னார். நல்ல நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டுபோய் லிம் ஆண்ட்டியின் வாசலில், கார் நிறுத்துமிடத்தில் வைத்தார். கை கூப்பினார். ஆண்ட்டியும் எதற்கென்று கேட்காமல் கை கூப்பினார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. சாஸ்திரப்படி அப்பா கிளம்பிவிட்டார். அம்மாவுக்குப் போன் போட்டு, "கெளம்பிட்டேன்," என்றே சொன்னார். அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டு இட்லிக்கு ஊறப் போட்டுவிட்டாள். குளித்துவிட்டு வந்தபோதுதான் வேட்டி, சட்டை, மூக்குக்கண்ணாடி, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் பையோடு கிளம்பிப்போன விஷயம் தெரிந்தது. போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். போனதைத் திருப்பி எடுக்கவா என்று என்னையே பைத்தியக்காரியைப் போலப் பார்த்தார். மாத்திரையைக் கதிர் கடையில் வாங்கி வந்தார். உடைக்கு வேறு வழியில்லாமல், கதிரின் அரைக்கால் சட்டையும் கால்பந்து ஜெர்சியும் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல் டிவியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முழங்கால் தெரிய அவரை நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் என் மாமனார் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். முன்பு எஸ்டேட்டில் ரப்பர் பால் லாரி ஓட்டியவர். மரங்களை வெட்டி எஸ்டேட்டை வீடமைப்புத் திட்டமாக மாற்றிய பிறகு அதே இடத்தில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு இருக்கிறார். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பம். தீமிதி, காவடி என்று எங்கள் ஊரில் விட்டுப்போனதையெல்லாம் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், ஆனால் பரஸ்தானம் மட்டும் அவர் கேள்விப்படாதது. வந்தவர் கண்ணில் முதலில் பட்டது, சீனத்தி வீட்டு வாசலில் அநாதையாகக் கிடந்த சம்பந்தியின் பை. கதவைத் திறந்தால் சம்பந்தி அரைக்கால் சட்டையில் இருக்கிறார். மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பையைக் கையோடு தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தார்.

"ஏம்மா, வயசானவர இப்புடியா செய்வீங்க? என்னா சண்டையா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம் லா. பைய வெளிய போடுறதா?" என்று என்னைக் கேட்டவர், அப்பாவின் தோளில் கை வைத்து, "சம்பந்தி, நீங்க வாங்க, நம்ம வீட்டுல இருக்கலாம்," என்றார்.

அப்பா பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பந்தி," என்றார். "நான் காலையிலயே போயிட்டேன். இப்ப என்னயத் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டீங்களே."

மாமா என் பக்கம் திரும்பி, "டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

விளக்கிச் சொல்லி முடித்தபோது மாமா வெட்கத்தில் மூன்று கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டார். ஆனால் நடந்தது நடந்ததுதான். திங்கட்கிழமையின் நல்ல நேரம் போய்விட்டது. அடுத்த நல்ல நேரம் வியாழக்கிழமை. அதுவரை இருந்தால் அனுமதி மீறியவர் ஆவார். செவ்வாயன்று கிளம்பினால் பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஆகாது. இரண்டில் எது பெரிய குற்றம் என்று அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பை காணாமல் போய்விட்டதே என்று லிம் ஆண்ட்டி பதறிக்கொண்டு வந்தார். கதிர் மலாயில் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் மாமாவுக்கு அரை மணி நேரம் சொல்ல வேண்டியிருந்தது ஆண்ட்டிக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய், தினமும் கிழிக்கிற தங்கள் சீனக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி எடுத்து வந்தார். செவ்வாய்க்கிழமைத் தாளில் விரலை வைத்து, "அங்கிள், பெசோக் ஜாலான் போலே!" என்றார். நாளைக்குத் தாராளமாகப் பயணம் போகலாமாம். மேலும் படித்து, "போத்தோங் ராம்புட் தா போலே," என்றார். முடி மட்டும் வெட்டக் கூடாதாம்.

அப்பா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். ஒரு எழுத்தும் தெரியாது, கண்ணாடியும் போடவில்லை. "இது இந்த மண்ணுல பாக்குற பஞ்சாங்கம். கெளம்புறது இந்த மண்ணுலேர்ந்துதான?" என்றார் கடைசியில். எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆண்ட்டி அந்தத் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிட்டார்.

செவ்வாய் விடியற்காலையில் எனக்கு வலி எடுத்தது. ஒரு பக்கம் கதிர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நிற்கிறார், இன்னொரு பக்கம் மாமா அப்பாவை விமான நிலையம் கொண்டுபோக வாடகைக் காரோடு நிற்கிறார். ஒருநாள் தங்கினால் என்ன ஆகிவிடும், இருங்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "நேரம் ஆச்சுன்னா வண்டிய எடுத்தாகணும்டா. இல்லன்னா அடுத்த வாட்டி உள்ள விட மாட்டான்," என்றார். பத்தாவது வகுப்புக் கோபம் அந்த நேரத்தில் எனக்கு மறுபடியும் வந்தது. இரண்டு கார்களும் தெருமுனை வரை ஒன்றாகப் போய், ஆளுக்கொரு பக்கம் திரும்பின.

மத்தியானத்துக்கு மேல் என் மகன் பிறந்தான். கதிர் படம் அனுப்பியபோது அப்பா குடிநுழைவு முகப்பைத் தாண்டி, விமானத்துக்காகக் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்பா நேராக எழுந்து வந்த வழியே நடந்திருக்கிறார். சீருடை போட்ட பெண்மணி ஒருவர் தடுத்தார். அப்பா போனைக் காட்டித் தமிழில் பேச, அவர் மலாயில் பேச, தரை துடைத்துக்கொண்டிருந்த தமிழ் அக்கா ஒருத்தி இடையில் வந்தாள்.

"பேரன் பொறந்திருக்கான், ஒரு பார்வ பாத்துட்டு வாரேன்னு சொல்லும்மா. பெட்டி மட்டும்தான் போயிருக்கு, நான் இங்கதான நிக்கிறேன்."

அவள் கேட்டுச் சொன்னாள். "இல்லப்பா. பாஸ்போர்ட்டுல சாப் அடிச்சாச்சு லா. நீங்க ஏற்கெனவே போய்ட்டீங்களாம்."

இதை அப்பாவே என்னிடம் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "அதுவும் சரிதான," என்றார். சீருடைப் பெண்மணி படத்தை வாங்கிப் பார்த்து, பிள்ளையின் மூக்கு தாத்தாவுடையது என்று சைகையில் காட்டினாராம். லேகியத்தை மாமியார் கொடுத்தார், அப்பா அனுப்பிவைத்த அம்மாவின் குரல் பதிவுகளைக் கதிர் மலாயில் சொல்லச் சொல்ல லிம் ஆண்ட்டி என் வயிற்றைக் கட்டிவிட்டார்.

என் மகன் பிறந்த உடனேயே இந்த நாட்டின் குடிமகன் ஆகிவிட்டான். எனக்கு இன்னும் மனைவி என்ற பெயரில் அவ்வப்போது புதுப்பிக்கிற அனுமதிதான். தவழ ஆரம்பித்த பிறகு அவனைத் திருச்சிக்குக் கூட்டிப்போனோம். அதற்கு அவனுக்குச் சுற்றுலா விசா எடுத்தோம். விமான நிலையத்தில் இந்தியர்களுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டவருக்கு ஒரு வரிசை. அவன் கதிரின் தோளில் வெளிநாட்டவர் வரிசையில் இருந்தான், நான் என் வரிசையில் இருந்தேன். என்னுடையது சீக்கிரம் நகர்ந்துவிட்டது. முத்திரை குத்தி, ஊருக்கு வாங்க என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே அப்பாவும் அம்மாவும் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் அவன் பசித்து அழ ஆரம்பித்தான். குரல் கேட்டதும் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. நான் ஊருக்கு வந்துவிட்டேன், அவனுக்கு முன்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.