நீக்கிய வரிகளின் பதிவேடு

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் அச்செழுத்து. கையெழுத்து அப்படி. ஒரு பக்கம் எழுதினால் எறும்பு வரிசை போலப் பிசகாமல் போகும். பாராட்டித்தான் வைத்தார்கள். அந்தக் கையைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பாராட்டத் தோன்றாது.

அந்தக் காலத்தில் எந்தப் புத்தகமும் அச்சுக்குப் போகுமுன் அவருடைய அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். இரண்டாம் மாடியில் ஆறு மேசைகள், மேசைக்கு ஒரு சிவப்புப் பேனா. அரசுக்கு ஆகாத வரிகளைச் சிவப்பால் அடிக்க வேண்டும். அதோடு விட்டார்களா? அடித்த வரியை ஓர் எழுத்து விடாமல் பெரிய பதிவேட்டில் கறுப்பு மையால் நகல் எடுக்க வேண்டும். எழுதியவர் பெயர், பக்கம், வரி, கடைசிக் கட்டத்தில் காரணம். காரணத்துக்கு நாலைந்து சொற்றொடர்தான்; மாற்றி மாற்றிப் போட வேண்டியது. மக்கள் ஒரு தடவைகூடப் படிக்கக் கூடாததை இவர்கள் மட்டும் இரண்டு தடவை படித்தார்கள். அரசாங்கத்தின் புத்தி அவ்வளவுதான்.

வேலைக்குச் சேரும்போது அவருக்கு இருபத்துநாலு வயது. எழுத்தாளராக வேண்டும் என்பது ஒன்றே ஆசை. நாளெல்லாம் படிப்பதற்குச் சம்பளமா, கரும்பு தின்னக் கூலியா என்று துள்ளிக்கொண்டுதான் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தன் நாவலை எழுதுவதாகத் திட்டம். உட்காரவும் செய்தார். ஒரு வரி எழுதுவார். அதை என்ன காரணம் போட்டு அடிக்கலாம் என்று உடனே தோன்றிவிடும். பகலெல்லாம் பழகிய கை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேனாவை மூடினார். முப்பத்தொரு வருடம் அது மூடியே கிடந்தது.

அவர் கெட்டவர் இல்லை. மகளுக்கு ஜுரம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். யாரையும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டார். இப்படிப்பட்ட நல்லவர்கள் செய்ததால்தான் அந்த வேலை அவ்வளவு ஒழுங்காக நடந்தது.

பிறகு சட்டம் மாறியது. அலுவலகத்தை மூடி, அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி யாரும் எதையும் எழுதலாம். மனைவி பின்னறையில் கிடந்த தையல் மெஷினை நகர்த்திவிட்டு, ஜன்னலோரம் ஒரு மேசை போட்டுக் கொடுத்தாள். ஊரார் எழுதியதையெல்லாம் பார்த்தது போதும், இனி உங்கள் கதையை எழுதுங்கள் என்றாள்.

பத்து மாதம் எழுதினார். மடை திறந்தது போல வந்தது. திருத்தவே தேவையில்லாத வரிகள் தாமாக வந்து விழுந்தன. அடைத்து வைத்திருந்த கைக்கு விடுதலை கிடைத்தால் இப்படித்தான் இருக்கும் போல என்று அவருக்குள் ஒரே பூரிப்பு.

மனைவி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முகத்துக்காகப் பேசத் தெரியாதவள். இரண்டு நாளில் படித்து முடித்து, தாள்கட்டை மேசைமேல் வைத்து, ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

'தட்டியவர்கள் போய்விட்டார்கள், தட்டும் சத்தம் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.'

"இந்த ஒரு வரிக்காகவே நீங்க எழுதினது தகும்," என்றாள். "உங்களுக்குள்ள இப்படி ஒண்ணு இருந்தது எனக்குத் தெரியாமலே போச்சே."

அவர் குனிந்து திரும்பப் படித்தார். அந்த வரியை அவர் முன்பே ஒரு தடவை எழுதியிருக்கிறார். பதிவேட்டில், கறுப்பு மையில்.

மூன்று நாள் உட்கார்ந்து தன் நாவலைத் தானே சோதித்தார். ஆற்றைப் பற்றிய பத்தி ஒரு பேராசிரியருடையது. தாய் மகனுக்குத் தலை வாரிவிடும் இடம், சிறையில் செத்துப்போன ஒரு கவிஞருடையது. நல்லதாக இருந்ததெல்லாம் யாரோ ஒருவருடையது. அவருக்கென்று மிஞ்சியவை, பொழுது விடிந்தது, அவன் எழுந்து போனான் என்கிற மாதிரி வரிகள்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே வெண்ணெயே அடுத்த வீட்டு வெண்ணெய். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார்.

மனைவி சிதறிக் கிடந்த தாள்களை ஒன்றுசேர்த்துக் கட்டினாள். பிறகு, "உடையவங்ககிட்ட குடுத்துட்டு வாங்க," என்றாள்.

கதவு தட்டும் வரியை எழுதியவரின் பெயர் அவருக்கு மறக்கவில்லை. அந்தப் புத்தகத்தை அப்போது அனுப்பியிருந்த பதிப்பகத்தில் விசாரித்து முகவரி வாங்கினார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அறுபது தாண்டிய அம்மா ஒருவர் யாருடைய சான்றிதழையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார். இவர் கூட்டம் குறையும்வரை நின்று, தான் எங்கே வேலை பார்த்தவர் என்பதைச் சொன்னார். அந்த அம்மா தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே கேட்டார். இவர் அந்த வரியைச் சொன்னார். அடுக்கிய கை நின்றது.

"நல்லா இருக்கே. யாரு எழுதினது?"

"நீங்கதாம்மா."

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்த கையெழுத்துப் பிரதியைப் பெட்டியில் போட்டு மூடியதும், வீடு மாறும்போது அது பழைய பேப்பரோடு போனதும், அதன் பிறகு பேனாவைத் தொடாததும் மெல்ல மெல்லப் பேச்சில் வந்தன.

"மறக்கணும்னு ரொம்பப் பாடுபட்டேன் சார். பட்ட பாடு வீண் போகல."

மெஷினிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, அந்த வரியை எழுதித் தரச் சொன்னார். இவர் எழுதினார். அதே அச்செழுத்து. அந்த அம்மா விரலை ஓட்டி இரண்டு முறை படித்தார். கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"இதை எதுக்கு அடிச்சீங்க? என்ன காரணம் போட்டீங்க?"

அவர் கண்ணை மூடினார். பக்கம் நினைவுக்கு வந்தது, நூற்றுப் பதினேழு. அன்று மழை பெய்ததும், மை காய நேரமானதும், கடைசிக் கட்டத்தில் தன் கை எதையோ எழுதியதும்கூட வந்தன. என்ன எழுதியது என்பது மட்டும் வரவில்லை. அந்த அம்மா தாளைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"ஞாபகம் இல்லம்மா," என்றார்.